தட்டைப் படலம், வளைந்த கண்ணாடி



ஜூன் மாதம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டிருப்பீர்கள். பழுப்புத் தாளை வெட்டி, மடித்து, ஓரத்தைச் செருகினால் ஆயிற்று. அதே தாளை ஒரு தேங்காய்க்கு, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் போடச் சொன்னால் எப்படிப் போடுவீர்கள்? காரின் பின் கண்ணாடிக்குக் கூலிங் ஃபிலிம் ஒட்டுவது தேங்காய்க்கு அட்டை போடுகிற வேலைதான். கோயம்புத்தூரில் இதைக் கற்றுக்கொண்டு, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் பன்னிரண்டு வருஷம் செய்து, இப்போது குமுளியில் செய்துகொண்டிருக்கிறேன். அங்கே 'சேட்டா' என்று கூப்பிட்டார்கள், இங்கே 'அண்ணே' என்கிறார்கள். கண்ணாடியின் வளைவு மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிவரும் பழைய ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் கண்ணாடி பலகை மாதிரி தட்டை. அளந்து வெட்டி ஒட்டிவிடலாம். இன்றைய கார்களின் பின் கண்ணாடி அப்படியில்லை. மேலிருந்து கீழாகவும் வளையும், பக்கவாட்டிலும் வளையும். தட்டையான படலத்தை அதன்மேல் போட்டால் நடுவில் படியும், மேலும் கீழும் விரல் விரலாக எழுந்து நிற்கும். தொழிலில் அதற்குப் பெயரே விரல்தான். அந்த விரல்களை மடக்கி ஒட்டினால் கோடு விழும். கத்தரித்து ஒட்டினால் வெட்டு தெரியும். சுருக்கித்தான் ஆக வேண்டும்.

சுருங்குவது எப்படி? இந்தப் படலம் பாலியெஸ்டர். சட்டைத் துணியில் நூலாக இருக்கும் அதே பொருள்தான், இங்கே தாளாக வருகிறது. ஆலையில் அதைச் சூடாக்கி, நீளத்திலும் அகலத்திலும் இழுத்து, அந்த இழுப்போடு ஆறவைக்கிறார்கள். இழுத்த நிலையிலேயே விறைத்துப்போன ரப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடு பட்டால் விறைப்பு தளர்ந்து, பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். 250 டிகிரியைத் தாண்டினால் உருகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு.

புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. படலம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. சுருளிலிருந்து விரிகிற நீளவாக்கில் நன்றாகச் சுருங்கும், அகலவாக்கில் பிடிவாதம் பிடிக்கும். அதனால் சுருளைக் கண்ணாடியின் இடமிருந்து வலமாக விரிக்கிறோம். அப்போது உபரியெல்லாம் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் நெட்டுக்கு நிற்கும் விரல்களாக வந்து சேரும். பக்கவாட்டில் விரல் எழுந்தால் சூட்டை எவ்வளவு காட்டினாலும் அடங்காது. படலம் வெந்துபோகும், விரல் அப்படியே நிற்கும். பாயை எந்தப் பக்கம் விரிப்பது என்று தெரியாமல் படுக்கப்போன கதையாகிவிடும்.

இன்னொரு விஷயம் கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஃபிலிம் ஒட்டுவது கண்ணாடியின் உள்பக்கம், சுருக்குவதோ வெளிப்பக்கம். கண்ணாடியின் வெளிமுகத்தில் ஷாம்பூ நாலு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளிப்போம். படலத்தைப் பசைப் பக்கம் நம்மைப் பார்த்திருக்கும்படி அதன்மேல் போடுவோம். பசையின் மேல் லைனர் என்கிற பாதுகாப்புத் தாள் இருப்பதால் கையில் ஒட்டாது. பிறகு தண்ணீர் வழிக்கும் ஸ்க்யூஜியால் நடுவில் குறுக்கே ஒரு கோடு, இரண்டு பக்கமும் நெட்டுக்கு ஒவ்வொரு கோடு என்று தண்ணீரை வழித்தெடுப்போம். நிறுத்திவைத்த ஏணியில் ஒரே ஒரு படி இருப்பதுபோல் தெரியும். அந்த மூன்று கோடும் படலத்தை நங்கூரம்போலப் பிடித்துக்கொள்ளும். உபரி எல்லாம் விரல்களாக ஓரங்களுக்குப் போய்விடும்.

அதற்குப் பிறகுதான் ஹீட் கன். கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, விரலின் வேரிலிருந்து நுனிக்கு மெல்ல ஆட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் நிற்கக் கூடாது. சூடு ஏறும்போது அந்த விரல் லேசாகச் சிலிர்த்து, குட்டையாகி, தானாகப் படியத் தொடங்கும். அப்பளம் பொரியும்போது பார்த்திருப்பீர்களே, அது விரிந்துகொண்டு போகும். இது அதற்கு நேர் எதிராக, கண்ணெதிரே உள்வாங்கும். அடங்குகிற அந்த நொடியில் கடின அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பு. அவ்வளவுதான், விரல் போய்விட்டது. பெரிய விரலாக இருந்தால் ஒரேயடியாகப் பிடிக்காமல், கையால் தட்டி இரண்டு மூன்று சிறு விரல்களாகப் பிரித்துக்கொள்வோம். அவசரப்பட்டு அட்டையை முன்னதாகவே இழுத்தால் மடிப்பு விழும். இந்தப் படலத்தில் ஒருமுறை விழுந்த மடிப்பை எந்தச் சூடும் எடுக்காது. பின் கண்ணாடி முழுவதற்கும் அரைமணி ஆகும். அந்த அரைமணியில் ஃபோனை எடுப்பதில்லை.

எல்லா விரலும் அடங்கிய பிறகு, படலம் கண்ணாடியின் வளைவை அப்படியே வாங்கிக்கொண்டு, வார்த்த கிண்ணம்போல் நிற்கும். பிறகு ஓரம் வெட்டி, லைனரை உரித்து, தண்ணீர் தெளித்து, காரின் உள்ளே கொண்டுபோய் ஒட்டுகிறோம். வெளியில் சரியாகச் சுருக்காத வேலையை உள்ளே சரிசெய்யவே முடியாது. ஒட்டிய பிறகு பபிளைத் துரத்திக்கொண்டு ஊசியால் குத்தித் திரிகிறவரிடம் காரை விடாதீர்கள்.

என் கையால் நடந்த ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்ளப் போன முதல் வருஷம், ஒரு மே மாத மதியம், வாளையாறு பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. வெயிலில் நின்ற வண்டி, பின் கண்ணாடியில் கைவைக்க முடியாத சூடு. ஓரத்தில் ஒரு விரல் அடங்கவில்லை என்று ஹீட் கன்னை அங்கேயே பிடித்து நின்றேன். படலம் வேகிற வாசம் வந்ததும் பயந்துபோய் போர்வெல் தண்ணீரைத் தெளித்தேன். ஒரு சத்தம், அவ்வளவுதான். பின் கண்ணாடி மொத்தமும் கல்கண்டு மாதிரி கொட்டியது. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது, அடிபட்டால் கோடு விழும். பின் கண்ணாடி கடினப்படுத்தப்பட்ட ஒற்றைக் கண்ணாடி, போனால் முழுக்கப் போய்விடும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் தன் கைக்காசைப் போட்டு வேறு கண்ணாடி மாட்டிக்கொடுத்தார். என்னைத் திட்டவில்லை. "வண்டி வந்தால் முதலில் நிழலில் ஒரு மணி நேரம் நிறுத்து, தம்பி" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் நிறுத்துகிறேன்.

பாலக்காட்டு வெயிலை இந்த வானொலி நிலையத்தைக் கேட்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் வானிலைத் துறை அந்த மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கையே கொடுத்தது. கொழிஞ்சாம்பாறையில் எனக்குச் சூட்டைவிடத் தொல்லை தந்தது காற்று. மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு திறந்த வாசல். அம்மியே பறக்கும் என்கிற ஆடிக் காற்று அந்த வாசல் வழியாகத்தான் பொள்ளாச்சிப் பக்கம் போகிறது. பசைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தூசி விழுந்தால் மிளகளவு பபிளாகத் தெரியும். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு பனியனோடு வேலை செய்திருக்கிறோம். சட்டையின் நூல்தூசிகூடப் பசைக்கு எதிரி.

வெயிலுக்குத்தான் ஃபிலிம் கேட்டு வருகிறார்கள். கருப்பாக வேண்டும் என்பதுதான் முதல் கோரிக்கை. அதைப் பற்றி மனம்திறந்து பேச வேண்டும். சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைத் தடுக்கும் நல்ல படலம் ஏறத்தாழ நிறமில்லாமலே இருக்கலாம். சாயம் மட்டும் போட்ட மலிவான கருப்புப் படலம் வெளிச்சத்தை மறைக்கும், சூட்டை அதிகம் தடுக்காது. சில வருஷத்தில் ஊதா நிறமாக வெளுத்தும் போகும். இருட்டு வேறு, குளிர்ச்சி வேறு.

சட்டமும் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம். 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்தப் படலத்தையும் ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பல மாதங்கள் எங்கள் கடையில் ஒட்டிய வேலையைவிட உரித்த வேலைதான் அதிகம். பனி நீக்கும் டீஃபாகர் கம்பி ஓடும் பின் கண்ணாடியில் பிளேடு படாமல் பசையை எடுப்பது பெரிய வித்தை. பிறகு விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் ஐ.எஸ். 2553 தரத்துக்கு உட்பட்ட பிளாஸ்டிக் படலத்தோடு கூடிய பாதுகாப்புக் கண்ணாடிக்கு இடம் கிடைத்தது. அந்த அளவுக்குள் ஒட்டினால் அபராதம் விதிக்கக் கூடாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி நகரேஷ் தீர்ப்பளித்தார். ஆனால் அது கேரளத்தின் தீர்ப்பு. வாளையாறோ குமுளியோ தாண்டினால் அங்கே நிற்கும் அதிகாரி அதை அப்படியே ஏற்பார் என்று நம்பிப் போக வேண்டாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கார்க் கண்ணாடியே வெளிச்சத்தில் கொஞ்சத்தைக் குடித்துவிடும். உங்கள் கண்ணாடி 80 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 70 என்று அச்சடித்த ஃபிலிமை ஒட்டினால் மீதி 56 தான். பக்கக் கண்ணாடிக்குச் சரி. முன்னுக்கும் பின்னுக்கும் குற்றம். அங்கே 90 விடும் படலம் ஒட்டினால்தான் 72 வரும். ஃபிலிம் அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல், ஒட்டிய பிறகு மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

இந்த அளவு வெறும் சட்டத்துக்காக என்று நினைக்காதீர்கள். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் மாலை ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கும். தேயிலை கிள்ளிவிட்டு, இருட்டோடு இருட்டாகச் சாலையோரம் நடந்து வரும் பெண்களைப் பக்கக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். கருப்புப் படலத்தில் அவர்கள் தெரிய மாட்டார்கள். அதனால்தான் 50-க்குக் கீழே எவ்வளவு காசு கொடுத்தாலும் நான் ஒட்டுவதில்லை.

மலைக்கு வந்த பிறகு நான் புதிதாகக் கற்றது பொறுமை. சமவெளியில் இரண்டு மூன்று நாளில் பசைக்குள் இருக்கும் தண்ணீர் காய்ந்துவிடும். மூணாறில் ஜனவரி விடிகாலை பூஜ்யம் டிகிரியை ஒட்டி இறங்கும்போது, வாரக்கணக்கில்கூட ஆகும். அதுவரை கண்ணாடி பால்போல மங்கி, ஆங்காங்கே நீர்ப்பொட்டுகள் தெரியும். வேலை கெட்டுவிட்டது என்று வண்டிக்காரர்கள் ஃபோன் செய்வார்கள். கெடவில்லை, காய்கிறது. அந்த நாட்களில் கண்ணாடியை இறக்கினால்தான் கெடும், ஓரத்து ரப்பர் பீடிங்கில் உரசி ஓரம் சுருண்டுவிடும்.

சொன்னால் மறந்துவிடுகிறார்கள். அதனால் வண்டியை ஒப்படைக்கும்போது நான்கு கதவின் ஸ்விட்ச்சுக்கும் மேலே பேப்பர் டேப் ஒட்டி, அதில் பேனாவால் தேதி எழுதிக் கொடுக்கிறேன். வண்டிப்பெரியாறிலிருந்து வந்த ஒருவர் பத்து நாள் கழித்து, போன வாரம் மறுபடி வந்து நின்றார். "அண்ணே, தேதி முடிஞ்சிருச்சு. டேப்பை நீங்களே எடுத்துவிடுங்க" என்றார். எடுத்துவிட்டு, முதல் தடவையாகக் கண்ணாடியை இறக்கி ஏற்றிப் பார்த்தோம். ஓரம் அசையவில்லை.