வீடு கட்டுவோர் கவனத்திற்கு: மழைநீரும் அண்டை வீட்டாரும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

தொழுகையைப் பற்றியும் ஜகாத்தைப் பற்றியும் எடுத்துரைக்க இங்கே ஆலிம்கள் இருக்கிறார்கள். வீடு கட்டுவதைப் பற்றிச் சில சொற்கள் கூறும்படி நிர்வாகிகள் நம்மைப் பணித்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. நம் மஹல்லாவில் ஏதேனும் ஒரு தெருவில் செங்கல் இறங்காத மாதமே இல்லை. புதுமனை கட்டுவோர் ஒருபுறம். மகனுக்கு நிக்காஹ் முடிந்தவுடன் மாடி எடுப்போர் மறுபுறம். ஜமாஅத்தின் முன் வரும் வழக்குகளிலோ பாகப்பிரிவினைக்கு அடுத்த இடத்தைச் சுவர்ச் சண்டையும் தண்ணீர்ச் சண்டையும் பிடித்துக் கொண்டன. ஐந்து வேளையும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் உரசி நிற்பவர்கள், தெருவில் சந்தித்தால் ஸலாம் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக் கொள்வதைக் காண்கிறோம். விசாரித்தால் ஒரு சாண் உயரம்தான் காரணம் என்கிறார்கள். ஆகவே தண்ணீரிலிருந்தே தொடங்குகிறோம்.

நாம் வாழும் நிலம் ஏரிகளின் நிலம். அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என எத்திசை நோக்கினும் ஏரியே. ஓர் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் அடுத்த ஏரியைத் தேடிச் செல்லும். அந்த வழியில் இன்று நம் தெருக்கள் நிற்கின்றன. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த மழையையும், செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுகள் திறக்கப்பட்ட இரவையும் நாம் மறக்கவில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையே நீரில் நின்றது. இவ்விரண்டிற்கும் இடையே, 2019ஆம் ஆண்டு கோடையில், அதே செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடக்க, நாம் குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றோம். வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வரும் இடத்தில் வீடு கட்டுகிறோம் என்பதை வானம் தோண்டும் முன்னரே நினைவில் கொள்ள வேண்டும்.

வெள்ளத்தைக் கண்டவர்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டை உயர்த்துகிறார்கள். அது நியாயமே. தரைமட்டத்திலிருந்து பேஸ்மட்டம் குறைந்தது ஒன்றரை அடியாவது இருக்க வேண்டும் என்பது பொது அளவு. நம் பகுதிக்கு அது போதாது. 2015இலும் 2023இலும் அத்தெருவில் நீர் எவ்வளவு நின்றது என்று அங்கே நெடுநாள் குடியிருப்போரைக் கேளுங்கள். சுவரில் கறை இன்னும் இருக்கும். அந்தக் கறைக்கு மேலே பேஸ்மட்டத்தை வையுங்கள். சாலையின் உயரத்தை மட்டும் நம்பிக் கணக்கிட வேண்டாம், சாலையும் வளர்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் சாலைப் பணி தொடங்கும் நாளில், நாலு பேராகச் சென்று அந்த உத்தரவை நினைவூட்டுவது வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவதைவிட மலிவு.

ஆனால் வீட்டை உயர்த்துவது வேறு, மனையை உயர்த்துவது வேறு. இதனை நம்மவர் பலர் பிரித்தறிவதில்லை. கட்டடம் நிற்கும் இடத்தை மட்டும் உயர்த்திச் சுற்றிலும் விட்ட காலியிடத்தைப் பழைய மட்டத்திலேயே விட்டால், நம் மனையில் விழும் நீர் நம் மனையிலேயே சற்றுத் தங்கி, ஊறி, பிறகு தெருவிற்குச் செல்லும். மாறாக, நாலு சுவருக்குள்ளும் கிராவல் கொட்டி நிரப்பி, மேலே சிமெண்டுத் தளமோ டைல்ஸோ பதித்து, பக்கத்து மனையை நோக்கிச் சரிவு வைத்தால், நம் பங்கு வெள்ளத்தையும் சேர்த்து அண்டை வீட்டார் தலையில் கட்டுகிறோம். அவர் பழைய வீட்டுக்காரர். அவருடைய கூடத்தில் முழங்கால் அளவு நீர். பின் அவரும் கடன் வாங்கி உயர்த்துவார். அவருக்கு அடுத்த வீட்டில் ஒரு விதவைத் தாய் இருப்பார்; அவரால் உயர்த்த இயலாது. இறுதியில் தெருவின் நீரெல்லாம் அந்த ஒரு வீட்டிலேயே சென்று தங்கும்.

ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் நீர் விழுகிறது. ஏறத்தாழ ஒரு தண்ணீர் லாரி. அந்த லாரியை யார் வாசலில் கவிழ்க்கிறோம் என்று பாருங்கள். அண்டை வீட்டார் நம் சுவரில் ஒரு மரக்கட்டை பதிக்க வந்தால் தடுக்கலாகாது என்னும் கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்க, நாமோ அவர் சுவரில் நம் மாடிக்குழாயைத் திருப்பி விடுகிறோம். அண்டை வீட்டார் என்றால் முஸ்லிம் அண்டை வீட்டார் மட்டுமல்லர் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனவே, பேஸ்மட்டம் போடும் முன் இரு பக்கத்து வீட்டாரையும் அழைத்து, டியூப் லெவல் பிடித்து, நம் உயரம் இது, நீர் போகும் வழி இது என்று அவர்கள் முன்னிலையில் சுவரில் குறித்து விடுங்கள். அரை மணி நேர வேலை. வந்தவர்களுக்கு ஒரு தேநீர் கொடுங்கள்.

மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். அவசரத்தில் பலர் பெயருக்கு ஒரு தொட்டி கட்டிக் கல்லைப் போட்டு மூடினார்கள். இன்று அது எங்கே இருக்கிறதென்று அவ்வீட்டாருக்கே தெரியாது. களிமண் பாங்கான மனையில் மேலோட்டமான குழி நீரை உறிஞ்சாது. குழிக்குள் கீழே மணற்பாங்கான அடுக்கு வரை ஒரு துளையிட்டுக் குழாய் இறக்க வேண்டும். பழைய கிணறு இருந்தால் அதைத் தூர்க்காதீர்கள். மாடிநீரை வடிகட்டி அதில் விடுவதே மிகச் சிறந்த வழி. மாடிக்குழாயைக் கழிவுநீர்க் குழாயுடன் இணைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மழை நாளில் தெருவின் ஆள்நுழைவுக் குழிகள் பொங்கி வழிவதற்கு அதுவும் ஒரு காரணம். பொங்கிய நீர் பட்ட ஆடையுடன் எவ்வாறு பள்ளிக்கு வருவது?

கழிவுநீர்த் தொட்டியை நிறைந்த பின் லாரி கொண்டே உறிஞ்ச வேண்டும். எக்காரணம் கொண்டும் அதற்குள் ஒரு மனிதரை இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். நச்சுக் காற்றால் உயிர் போவது சில நிமிடங்களில் நிகழ்ந்து விடும்.

இனி மனையும் அனுமதியும். வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஆவணத்தில் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்ற சொல் தென்பட்டால் விலை எவ்வளவு குறைவாயினும் விலகி விடுங்கள். வக்ஃபு நிலமா என்று விசாரிப்பது நமக்கு இரட்டைக் கடமை. அம்பத்தூர் 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019ஆம் ஆண்டு தனி மாநகராட்சி ஆயிற்று. எனவே முன்னர் தந்தையார் சென்ற அலுவலகத்திற்கே நாமும் செல்ல முடியாது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய சுயசான்றிதழ் முறைப்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டிற்கு இணையம் வழியே அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் சான்று தருபவர் நாமே என்பதால் பொறுப்பும் நம்முடையதே. வரைபடத்தில் பக்கவாட்டு இடம் விட்டுக் கையெழுத்திட்டு, கட்டும்போது மதில் வரை சுவரை இழுப்பது பொய்ச் சாட்சியம் அன்றி வேறென்ன?

கடைக்காலைப் பற்றிச் சொல்ல மௌலிவாக்கத்திற்கே செல்வோம். போரூருக்கு அருகே 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் கட்டி முடிவடையும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளிகள். அருகில் நின்ற மற்றொரு கட்டடத்தை 2016ஆம் ஆண்டு நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நம் வீடு இரண்டு மாடிதானே என்று எண்ண வேண்டாம். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு, முகப்பில் பதிக்கும் கிரானைட்டின் செலவில் சிறு பங்கே. மண்ணுக்குள் மறைவதில் மிச்சம் பிடித்து, தெருவில் போவோர் பார்ப்பதில் கொட்டுவதை நாம் இஸ்ராஃப் என்றே கருதுகிறோம். முப்பதாண்டுகளுக்கு முன் ஒரு தளத்திற்கெனப் போட்ட கடைக்கால் மீது மாடி எடுப்பவர்கள், மேஸ்திரியின் சொல்லோடு நிற்காமல், பொறியாளர் ஒருவரைக் கொண்டு கடைக்காலின் ஓரத்தைத் தோண்டிப் பார்க்கச் செய்யுங்கள்.

கான்கிரீட்டில் நீரை அதிகமாக ஊற்றினால் கொத்தனாருக்கு வேலை எளிது. நமக்கோ பின்னாளில் விரிசல். கம்பியின் கீழ் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையெனில் ஓதம் ஏறிக் கம்பி துருப்பிடித்துப் பூச்சு பெயரும். தளம் போட்டபின் பத்து நாட்களாவது நீர் கட்டி வையுங்கள். இந்நாளில் பரவலாகக் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டிற்கு இது இன்றியமையாதது. வாடகை ஏறுகிறதென்று சென்ட்ரிங்கை அவசரப்பட்டுப் பிரிக்க விடாதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் அதில் கான்கிரீட் கலக்கும் முன் பரிசோதியுங்கள்.

மேஸ்திரியுடன் வாய்மொழியாகப் பேசி முடித்து, பாதியில் சண்டையிட்டு ஜமாஅத்திற்கு வருகிறார்கள். தவணைக் கடனை எழுதிக் கொள்ளவும் சாட்சி வைக்கவும் அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே பணிக்கிறது. சதுர அடிக்கு என்ன கூலி, சதுர அடியில் மாடிப்படியும் கைப்பிடிச் சுவரும் சேருமா, கடைக்கால், லிண்டல், தளம், பூச்சு ஒவ்வொன்றும் முடிந்தபின் எவ்வளவு தொகை, இவையனைத்தையும் ஒரு தாளில் எழுதி இருவர் சாட்சிக் கையெழுத்திட்டால் போதும். முடிந்த வேலைக்குரிய கூலியை அன்றே கொடுத்து விடுங்கள். முடியாத வேலைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாஸ்துவுக்காகக் கட்டிய சுவரை இடிப்போர் நம்மிலும் உண்டு என்பது வருந்தத்தக்கது. நம்மவர் பார்க்க வேண்டிய திசை ஒன்றே. சென்னையிலிருந்து கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை சாய்ந்தது. கழிப்பறைப் பீங்கானை வடக்குத் தெற்காக வைக்கும்படி வரைபட நிலையிலேயே பொறியாளரிடம் சொல்லி விட்டால், டைல்ஸ் ஒட்டியபின் பெயர்க்கும் வேலை இராது. முதிய பெற்றோர் இருக்கும் வீட்டில் ஒரு படுக்கையறையும் கழிப்பறையும், ஒளூ செய்ய உட்காரும் திண்டும், பிடித்து எழ ஒரு கைப்பிடியும் தரைத்தளத்திலேயே அமையட்டும்.

இன்னொன்று. சந்தூக்கு உள்ளே வந்து திரும்ப முடியாத வீடுகள் நம் தெருக்களில் பெருகி விட்டன. குறுகிய படி, வளைந்த வாசல், மதில் வரை நெருங்கிய சுவர். மையித்தைப் போர்வையில் கிடத்தி மாடியிலிருந்து இறக்கியதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். குளிப்பாட்டவும் இடமின்றிப் பக்கத்து வீட்டு முற்றத்தைக் கேட்க நேர்கிறது. அவரோ நம் மழைநீரால் மனம் நொந்திருப்பவர். நாலு பேர் தோளில் சுமந்து திரும்பும் அளவு வாசலும் படியும் விட்டு, பக்கவாட்டு இடத்தில் ஒரு குழாயும் வடிகாலும் வைக்கும்படி பொறியாளரிடம் முதல் நாளே கூறி விடுங்கள்.

வஸ்ஸலாம்.