முழுப் பாடமும் எல்லோர் கைக்கும்



வட்டார வரலாற்றுக் கருத்தரங்கு ஒன்றை மணவூரில் கூட்டியது மிகப் பொருத்தம். சோழர் காலத்து மணவிற்கோட்டத்துக்குப் பெயர் தந்த ஊர் இது. முதல் குலோத்துங்கனிடமும் விக்கிரம சோழனிடமும் படைத்தலைவனாயிருந்து, தில்லையில் பெருந்திருப்பணிகள் செய்த நரலோகவீரனைக் கல்வெட்டுகள் மணவில் கூத்தன் என்கின்றன. இங்கே ரயில் ஏறினால் அடுத்த நிலையம் திருவாலங்காடு. அவ்வூர்ச் செப்பேட்டை முன்வைத்தே இன்று பேச விரும்புகிறேன்.

1905இல் கிடைத்த 31 ஏடுகள் அவை. சோழ முத்திரை பொறித்த வளையத்தில் கோத்தவை. முதலாம் இராஜேந்திரன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததற்கான ஆவணம். 1920இல் கிருஷ்ண சாஸ்திரி இதைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 3ஆம் தொகுதியில் பதிப்பித்தபோது, சுருக்கம் எழுதி நிறுத்திக்கொள்ளவில்லை. வடமொழிப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் முழுமையாக அச்சிட்டார். அதனால் விளைந்ததைப் பாருங்கள். கொடை 6ஆம் ஆண்டுக்குரியது. வடமொழிச் செய்யுள்களோ அதற்குப் பிறகு நிகழ்ந்த கங்கைப் படையெடுப்பையும் கடார வெற்றியையும் சொல்கின்றன. ஆகவே அந்தப் புகழ்ப்பகுதி பின்னால் சேர்ந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கணித்தார்கள். வெறும் சுருக்கத்தை வைத்து இந்த ஐயம் எழுந்திருக்காது. அரச வம்சாவளி தேடுபவர் படிக்கும் அதே ஏடுகளில், பழையனூரின் எல்லை சொல்லும் நீண்ட பகுதி பழைய ஊர்களையும் நீர்நிலைகளையும் தேடுபவருக்கும் உதவும். பதிப்பித்தவர் எல்லோருடைய கேள்வியையும் முன்கூட்டி அறிய முடியாது. உள்ளதை உள்ளபடி வைக்கத்தான் முடியும்.

ஐராவதம் மகாதேவன் 1977இல் சிந்து எழுத்துகளின் தொகுப்பையும் அடைவையும் இந்தியத் தொல்லியல் துறை வழியாக வெளியிட்டார். அவ்வெழுத்துகளின் மொழி திராவிடம் என்பது அவர் முடிவு. ஆனால் தொகுப்புக்குள் அந்த முடிவைத் திணிக்கவில்லை. குறிகளுக்கு எண் கொடுத்தார். எந்தக் குறி எங்கே, எதன் பக்கத்தில் வருகிறது என்று அடுக்கித் தந்தார். 2009இல் ராஜேஷ் ராவ் குழுவினர் சயின்ஸ் இதழில் வெளியிட்ட கணினி ஆய்வுக்கு அத்தொகுப்பே ஆதாரம். சிந்துக் குறிகள் எழுத்தே அல்ல என்று வாதிட்டவர்களும் அதைத்தான் புரட்டினார்கள். தன்னை மறுப்பவருக்கும் பயன்படும்படி உழைத்த அந்த மனத்தை நான் வணங்குகிறேன்.

இதற்கு நேர்மாறான நிலையும் நம்மிடம் உண்டு. கல்வெட்டுகளின் மேல் தாள் ஒற்றி 1880களிலிருந்து எடுத்த மசிப்படிகளில் ஆயிரக்கணக்கானவை இன்னும் பாடமாக அச்சேறவில்லை; ஆண்டறிக்கையில் நாலு வரிக் குறிப்போடு நிற்கின்றன. மைசூரிலிருந்த தமிழ் மசிப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. இடம் மாறினால் மட்டும் போதாது. எத்தனையோ கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு நடந்து எழுத்து மழுங்கிவிட்டது. அங்கெல்லாம் மசிப்படித் தாள்தான் இனிக் கல்வெட்டு. அதைப் பீரோவில் பூட்டி வைப்பது எந்த வகையில் பாதுகாப்பு?

கல்வெட்டின் படத்தை வெளியிட்டால் வேறொருவர் முந்திக்கொள்வாரே என்று அஞ்சும் மாணவர்களை அறிவேன். மாணவர் உழைப்பை மூத்தவர் தம் பெயரில் போட்டுக்கொள்ளும் அநியாயம் நடக்கும் இடத்தில் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் மறைத்து வைத்த தரவு உங்களுக்குச் சாட்சி சொல்லாது. செர்ன் ஆய்வகம் 2013 முதல் இலவசமாக நடத்திவரும் செனோடோ தளத்தில் ஏற்றிவிட்டால், உங்கள் பெயரோடு தேதியும் நிரந்தர எண்ணும் பதிவாகிவிடும். பேட்டி கொடுத்தவர்களின் அடையாளத்தையோ, காவலில்லாத சிலை இருக்கும் இடத்தையோ திறந்துவைக்கச் சொல்லவில்லை. அவை காக்கப்பட வேண்டியவை.

கட்டுரை வாசிக்கப்போகும் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்கிறேன். கல்வெட்டின் படம், யூனிகோடில் வரி எண்ணிட்ட பாடம், ஐயமுள்ள எழுத்துக்குத் தனிக் குறி, கல் இருக்கும் இடம் ஆகியவற்றைக் கட்டுரையோடு சேர்த்துக் கொடுங்கள். காலமான ஆசிரியர்களின் களக்குறிப்பேடுகளும் மசிப்படிச் சுருள்களும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், வருடி எடுக்க ஒருநாள் இரவல் தாருங்கள். கறையான் அரிக்கும் முன்பே தாருங்கள்.