பழைய படமும் பழுதுற்ற கல்லும்

பொலன்னறுவையின் இடிபாடுகளை ஜோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர் 1870-71 ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசாங்கத்துக்காகப் புகைப்படமெடுத்தார். தொல்பொருள் திணைக்களம் 1890 இல் தோன்றுமுன் எடுக்கப்பெற்ற படங்கள் அவை. இன்று நிமிர்ந்து நிற்கும் சுவரில் எது பண்டையது, எது பிற்காலத்துப் பழுதுபார்ப்பு என்று கேட்போர்க்கு அப்படங்களே சான்று.

நமது மத்திய மாகாணத்திலும் ஓர் உதாரணமுண்டு. மாத்தளைக்கு வடக்கே, திராவிடக் கட்டடமுறையில் அமைந்த நாலந்தா கெடிகே என்னும் கற்கோயில், போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்தது. ஆதலால் 1970களில் அதனைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டு நிலத்தில் மீண்டும் எழுப்பினர். 1980 இல் பணி நிறைவுற்றது. கல்லின் இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் பிரித்தால் மிஞ்சுவது கற்குவியலே.

ஹட்டன் பகுதித் தோட்டக் கோயில்கள் அத்துணைப் பழமையானவை அல்ல. ஆயினும் கொழுந்து பறித்த நம் முன்னோர் கூலியில் மிச்சம் பிடித்து எழுப்பியவை. திருப்பணிக்கென்று அவற்றை இடிக்குமுன், கைபேசியிலேனும் நாற்புறமும் படமெடுங்கள். நாளும் இடமும் எழுதி, ஒரு பிரதியைப் பாடசாலையில் வையுங்கள். முன்னோர் கட்டியது எவ்வாறிருந்தது என்று நாளை பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். காட்டுவதற்கு ஒரு படமாவது இருக்கட்டும்.