மருந்து போய்ச்சேரும் வழி



இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைவதற்குக் காரணம் நம் வானம் மட்டும் அல்ல. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை 1895இல் முடிந்த அணை மறித்தது. மலையைக் குடைந்த சுரங்கம் அந்த நீரைக் கிழக்கே திருப்பியது. தண்ணீர் அதற்கு முன்பும் மலையில் இருந்தது. கூடலூருக்கும் சின்னமனூருக்கும் அது வந்துசேர வழிதான் இல்லாமலிருந்தது. ஆர்.என்.ஏ. மருந்துகளைப் பற்றி நான் சொல்ல வந்ததும் இதுதான். உடலுக்குச் சொல்லவேண்டிய செய்தியை எழுதுவது இன்று எளிதாகிவிட்டது. அதைச் சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பதுதான் கடினம். மருந்தாக்கத்தின் பெரும்பகுதி அதில்தான் அடங்கியிருக்கிறது.

உயிரணுவின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. மூலப்பத்திரம் என்றால், தூது ஆர்.என்.ஏ. அன்றாடத் தேவைக்கு எடுத்த நகல். அந்த நகலை வாசித்துப் புரதத்தைக் கட்டுவது ரைபோசோம். அதன் அமைப்பை அணு அணுவாகக் காட்டியதற்காக 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். புதிய நகல் ஒன்றை உள்ளே அனுப்பி வேண்டிய புரதத்தைச் செய்யவைக்கலாம். பிழையான நகலை வாசிக்கும் முன்பே அழிக்கவும் செய்யலாம். கொரோனா வைரஸின் மரபு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது. மார்ச் 16 அன்றே தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசியின் சோதனை ஊசி முதல் தன்னார்வலருக்குப் போடப்பட்டது. ஆனால் அந்த இரண்டு மாதத்துக்குப் பின்னால் முப்பது ஆண்டு உழைப்பு இருந்தது. எலியின் தசையில் தூது ஆர்.என்.ஏ.வைச் செலுத்திப் புரதம் உண்டாக்க முடியும் என்று 1990இலேயே தெரிந்துவிட்டது. வெளியிலிருந்து வந்த ஆர்.என்.ஏ.வை உடல் எதிரியாகப் பார்த்துச் சிதைத்ததுதான் தடை. அதன் எழுத்து ஒன்றைச் சற்று மாற்றினால் உடலின் சீற்றம் தணியும் என்று காட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் காட்டினார்கள். 2023இல் நோபல் பெற்றார்கள்.

அதன் பிறகும் சுமந்து செல்ல ஒரு வாகனம் வேண்டியிருந்தது. கொழுப்பால் ஆன நுண்துகள் அப்படி ஒன்று. இரத்தத்தில் மின்னூட்டமில்லாமல் போகும். உயிரணு அதை விழுங்கி அமிலப் பைக்குள் அடைத்ததும் நேர்மின்னூட்டம் பெற்றுப் பையைக் கிழிக்கும். அப்படியும் உள்ளே போனதில் மிகச் சிறு பங்குதான் தப்பி வெளியே வருகிறது. 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பட்டிசிரான் என்ற மருந்து இந்த வாகனத்தில் கல்லீரலுக்குப் போனது. கெட்ட கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரானுக்குத் துகள்கூட வேண்டாம். கல்லீரல் உயிரணுக்கள் பற்றிக்கொள்ளும் ஒரு சர்க்கரையை அதன் முனையில் கட்டிவிட்டார்கள். தொடக்க ஊசிகளுக்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு ஊசி போதும். கல்லீரலுக்குத் தார்ச்சாலை போட்டாயிற்று. மூளைக்கும் தசைக்கும் இன்னும் ஒற்றையடிப் பாதைதான். முதுகுத்தண்டுத் தசைச்சிதைவுக்கான நுசினெர்சனை இன்றும் முதுகுத்தண்டு நீரில் நேராகச் செலுத்தவேண்டியிருக்கிறது.

ஆர்.என்.ஏ. மருந்து மரபணுவையே மாற்றிவிடாதா என்று அஞ்சுவோர் உண்டு. தூது ஆர்.என்.ஏ. உட்கருவுக்குள் போவதில்லை, சில நாட்களில் சிதைந்துவிடும். அதே மூச்சில், கொரோனா தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்குப் பிறகு இளம் ஆண்களில் அரிதாக இதயத்தசை அழற்சி கண்டதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மக்கள் நம்பிக்கை அப்படித்தான் வரும்.

விலை பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. பணக்கார நாட்டு மருந்து ஆண்டிபட்டிக்கு எதற்கு என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸும் ஒருகாலத்தில் அப்படி இருந்ததுதான். 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கி, இன்று தேனியிலும் கிளை வைத்திருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேபை நிறுவி லென்ஸை இங்கேயே செய்து விலையைத் தரைக்குக் கொண்டுவந்தது. லென்ஸ் வேறு, ஆர்.என்.ஏ. வேறு என்பது உண்மை. ஆர்.என்.ஏ. மருந்தில் காப்புரிமை வேலிகள் அடர்த்தி. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் கேப்டவுனில் தொடங்கிய தொழில்நுட்பப் பகிர்வுத் திட்டத்தில் ஹைதராபாத்தின் பயாலஜிக்கல் ஈ நிறுவனம் பங்காளியாகியிருக்கிறது. புனேயின் ஜென்னோவா நிறுவனம் இன்னொரு தடையை உடைத்தது. ஃபைசர் தடுப்பூசிக்குத் தொடக்கத்தில் மைனஸ் 70 டிகிரி அளவு குளிர் வேண்டியிருந்தது. ஜென்னோவா தன் தடுப்பூசியை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, 2 முதல் 8 டிகிரியில் வைக்கும்படி செய்து 2022 ஜூனில் அவசர ஒப்புதல் பெற்றது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஐ.எல்.ஆர். எனும் குளிர்பதனப் பெட்டி தரும் குளிர் அதுதான். அதற்குள் நாட்டில் பெரும்பாலோர் வேறு தடுப்பூசி போட்டு முடித்திருந்தார்கள் என்பீர்கள். தாமதம்தான், ஆனால் பொடியாக்கும் கைத்திறன் அந்த ஒரு நோயோடு முடிந்துபோவதல்ல.

எனவே உயிர்த்தொழில்நுட்பமும் மருந்தியலும் செவிலியமும் படித்துப் பட்டம் பெறும் மாணவர்களான உங்களிடம் ஒரு குறிப்பான வேலையைக் கேட்கிறேன். அகமலைப் பக்கம் சில குடியிருப்புகளிலிருந்து நோயாளியை இன்னும் டோலி கட்டித்தான் இறக்குகிறார்கள். அந்தப் பாதையில் தடுப்பூசிப் பெட்டி தோளில் ஏறும்போது அதிலிருக்கும் ஐஸ் உருகிக்கொண்டே போகிறது. 2 டிகிரியும் 8 டிகிரியும் வேண்டாத, சித்திரை வெயிலில் ஒரு வாரம் தாங்குகிற ஆர்.என்.ஏ. பொடிக்கு எந்தச் சர்க்கரை, எந்தக் கொழுப்பு, எவ்வளவு ஈரம் என்பதை யாராவது கண்டுபிடித்தாகவேண்டும். அந்த ஏற்றத்தை அறிந்தவர்கள் அதைக் கண்டுபிடிக்கட்டும்.