பான் நகரத்துக் கையெழுத்து

நடுவர் அவர்களே, எதிரணியிலே உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, வயல் வேலையையும் தறி வேலையையும் விட்டுட்டு வந்திருக்கிற உத்திரமேரூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

நாடு விட்டு நாடு பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்வதால் கிராமத்துப் பிள்ளைக்குப் பலன் உண்டா, இல்லையா? உண்டு என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்ன சொன்னார்? "ரெண்டு துணைவேந்தர்கள் கையெழுத்துப் போடுவாங்க, சால்வை போடுவாங்க, போட்டோ எடுப்பாங்க. அந்தப் போட்டோவிலே உங்க ஊர்ப் பிள்ளை இருக்கானா?" என்று கேட்டார். நல்லா கைதட்டினீங்க. நானும் தட்டினேன். (சிரிப்பு) ஏன்னா அவர் சொன்னதிலே பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நான் வர்றேன்.

ஐயா, இது புது மோஸ்தர் இல்லை. நம்ம காஞ்சிபுரத்துக்காரர் தர்மபாலர். வடக்கே நாளந்தாவுக்குப் போய் அங்கே தலைமை ஆசானாக இருந்தார். அவருடைய மாணவர் சீலபத்திரர். அந்தச் சீலபத்திரரிடம் பாடம் கேட்கத்தான் 7ஆம் நூற்றாண்டிலே சீனாவிலிருந்து யுவான் சுவாங் வந்தார். அதுக்கப்புறம் 9ஆம் நூற்றாண்டிலே சுமத்ரா பக்கத்து மன்னர் பாலபுத்திரதேவர் நாளந்தாவிலே ஒரு விகாரை கட்டினார். வெறும் கட்டடத்தை வச்சு என்ன பண்றது? மாணவனுக்குச் சோறு யார் போடறது? அதனால இந்தப் பக்கத்து மன்னர் தேவபாலர் அதுக்கு அஞ்சு கிராமத்தை எழுதிக் கொடுத்தார். அவர் கட்டடம், இவர் வருமானம். கூட்டுன்னா அது கூட்டு! (கைதட்டல்)

சரி, அது ராஜா காலம். நம்ம காலத்துக்கு வாங்க. கிண்டியிலே ஐ.ஐ.டி. இருக்கு. சென்னைக்குப் போகும்போது பஸ்ஸிலேருந்து சுவரைப் பார்த்திருப்பீங்க, உள்ளே மான் ஓடும். அது யார் கூடச் சேர்ந்து வந்தது? 1956இலே மேற்கு ஜெர்மனி உதவி பண்றேன்னு சொன்னாங்க. 1959இலே பான் நகரத்திலே ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அதே வருஷம் இங்கே கல்லூரி தொடங்கிச்சு.

அந்த ஒப்பந்தத்திலே என்ன விசேஷம்னா, மெஷினை மட்டும் கப்பல்லே ஏத்தி அனுப்பிட்டு அவங்க ஒதுங்கிடலை. மெஷினோட பேராசிரியர்கள் வந்தாங்க. பட்டறையிலே கையைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுக்கப் போர்மேன்கள் வந்தாங்க. நம்ம வாத்தியார்கள் ஜெர்மனிக்குப் போய்ப் பழகிட்டுத் திரும்பி வந்தாங்க. கல்யாணச் சீரா கிரைண்டரை மட்டும் கொடுத்தா, கல் தேய்ஞ்சதும் பரண் மேலே ஏறிடும். கல்லுக் கொத்தவும் சேர்த்துக் கத்துக் கொடுத்தா, பேத்தி காலம் வரைக்கும் மாவு அரைக்கும். ஜெர்மன்காரங்க கல்லுக் கொத்தக் கத்துக் கொடுத்தாங்க. (கைதட்டல்)

உடனே எதிரணி அம்மா எழுந்திருப்பாங்க: "அங்கே படிச்சவனெல்லாம் அமெரிக்காவுக்கு பிளேன் ஏறிட்டானே!" ஏறினாங்க, தாயே. மறைக்கலை. நம்ம வரிப்பணத்திலே படிச்சுட்டுப் போனது வலிக்கத்தான் செய்யுது. ஆனா வாத்தியார் வேலைக்குப் பழகினவங்க இங்கே இருந்து வகுப்பு எடுத்தாங்களே, அவங்க கட்டின பள்ளிக்கூடம் இருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க? அந்த ஐ.ஐ.டி.யும் மற்ற ஐ.ஐ.டி.களும் சேர்ந்து பாடங்களைப் படம் பிடிச்சு என்.பி.டி.இ.எல்.னு காசில்லாமே கொடுக்கிறாங்க. 2020இலே சென்னை ஐ.ஐ.டி. ஒரு பட்டப்படிப்பை இணையத்திலேயே தொடங்கிச்சு. ஜே.இ.இ. எழுத வேண்டாம், கோச்சிங் கிளாஸுக்கு லட்சம் கட்ட வேண்டாம். நாலு வாரம் பாடம் படிச்சு அவங்க வைக்கிற தகுதித் தேர்விலே தேறினாப் போதும். சாலவாக்கத்திலே ஒரு பொண்ணு, அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டுற நேரத்திலே திண்ணையிலே உட்கார்ந்து செல்போன்லே அந்தப் பாடத்தைப் பார்க்கலாம். பான் நகரத்திலே போட்ட கையெழுத்து சாலவாக்கம் திண்ணைக்கு வந்து சேர அறுபது வருஷம் ஆச்சு. தாமதந்தான்! நம்ம ஊருக்கு பஸ்ஸே அப்படித்தானே வருது? (பலத்த சிரிப்பு)

இன்னொண்ணு கேளுங்க. 2023இலே அதே சென்னை ஐ.ஐ.டி. கடல் தாண்டிப் போய், தான்சானியா நாட்டுச் சான்சிபார் தீவிலே ஒரு வளாகம் திறந்தது. கிராம்புக்குப் பேர் போன தீவு. அங்கே முதல் இயக்குநர் பிரீத்தி அகலாயம். ஐ.ஐ.டி. வளாகம் எதுக்குமே ஒரு பெண் இயக்குநராக வந்தது அதுதான் முதல் தடவை. தாய்மார்கள் இங்கே கைதட்டலாம். (கைதட்டல்) 1959இலே வாங்கின கை, 2023இலே கொடுக்கிற கை.

இப்போ எதிரணி நண்பரோட பாதி உண்மைக்கு வர்றேன். 2022இலே பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விதி போட்டது. இங்கே சேர்ந்த மாணவன் படிப்பிலே 30 சதவீதம் வரைக்கும் வெளிநாட்டிலே படிச்சுட்டு வந்து இங்கேயே பட்டம் வாங்கலாம். நல்லதுதான். ஆனா யார் இந்தக் கூட்டை முன்அனுமதி கேட்காமலே போடலாம்? தர மதிப்பீட்டிலே 3.01 புள்ளி, இல்லேன்னா தேசியத் தரவரிசையிலே முதல் 100, இப்படி இருக்கிற இடம். நம்ம பக்கத்துக் கல்லூரிகள்லே எத்தனைக்கு அது எட்டும்? அப்படியே எட்டினாலும், அந்த 30 சதவீதத்துக்குப் பிளேன் டிக்கெட் யார் எடுக்கிறது? குத்தகைக்கு நெல்லு போடறவர் எடுப்பாரா? தேவபாலர் மாதிரி அஞ்சு கிராமத்தை எழுதி வைக்க யாராவது வேணும். உதவித்தொகை இல்லாத ஒப்பந்தம் பணக்காரப் பிள்ளைக்குப் போட்ட ஒப்பந்தம். இதை என் அணியிலேருந்தே சொல்றேன்.

அதுக்கு என்ன பண்ணலாம்? வெளியூர்லே தேட வேண்டாம். இதோ, வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்க. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 921ஆம் வருஷத்தது. குடவோலைன்னு உலகமே பேசுது. அதிலே ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாரியத்திலே இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி ஓலையிலே பேர் எழுதிக்க முடியாது. அவன் மட்டுமில்லை, அவன் சொந்தக்காரங்களும் கூடாது! மச்சான் பேர்லே வர்ற வழியையும் அடைச்சுட்டான். (சிரிப்பு, கைதட்டல்)

அதையே இங்கேயும் கேளுங்க. எத்தனை பிள்ளை போனான், அதிலே அரசுப் பள்ளியிலே படிச்சவன் எத்தனை, எத்தனை வாத்தியார் பழகி வந்தார்? வருஷா வருஷம் கணக்குக் காட்டு. காட்டாதவன் அடுத்த ஒப்பந்தத்திலே பேனாவைத் தொடக்கூடாது.

எதிரணி நண்பர் மட்டும் கூட்டே வேண்டாம்ங்கிறார். அவரை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த ஊரிலே ஏரி வாரியம்னு ஒண்ணு இருந்தது. அதிலே இருந்தவன் கணக்குக் காட்டலைன்னா அவனைத்தானே ஒதுக்கினாங்க? ஏரியையா தூர்த்தாங்க? (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணி அடிச்சுட்டீங்க. உட்கார்றேன்.