தராசு ஒன்றாக இருக்கட்டும்!

(சேத்துப்பட்டு கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நம் சேத்துப்பட்டு நெல் விளையும் பூமி. உலகம் சூடாவதற்கு இந்த நெல் வயலையும் நம் மாடுகளையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள், தெரியுமா? 1990ல் வாஷிங்டன் ஆய்வு நிறுவனம் ஒன்று, அதிகம் மாசுபடுத்தும் முதல் ஐந்து நாடுகளில் இந்தியாவையும் சேர்த்தது.

டெல்லியின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991ல் திருப்பிக் கேட்டார்கள்: ஏழையின் சோற்றில் வரும் மீத்தேனும் சீமானின் கார் புகையும் ஒன்றா? அதே ஆண்டு நம் விஞ்ஞானிகள் வயலில் இறங்கி அளந்தார்கள். இந்திய வயல்களின் மீத்தேன் 3 கோடியே 78 லட்சம் டன் என்றது அமெரிக்கக் கணக்கு. அளந்தபோது வந்ததோ சுமார் 40 லட்சம் டன்!

இன்றும் ஓர் அமெரிக்கரின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு. இந்தியருக்குச் சுமார் 2 டன். ஏழை நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009ல் வாக்களித்தார்கள். அத்தொகையை எட்டியது 2022ல்தான்!

தனக்கு நிறைத்து அளந்து, பிறருக்குக் குறைத்து அளப்பவனைத் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. பூமி அல்லாஹ்வின் அமானிதம். நாமும் புகையைக் குறைப்போம். ஆனால் கணக்கு தலைக்கு இவ்வளவு என்று இருக்கட்டும். கடன்பட்டவனே முதலில் கொடுக்கட்டும்!