எழுதாத வரவு
(நூலக விழாவில் ஆற்றிய உரை)



"உங்களுக்குச் சரித்திரமே இல்லை" என்று ஒரு சமுதாயத்தைப் பார்த்துச் சொன்னால் என்ன செய்வது? கோபப்படலாம், கண்டனக் கூட்டம் போடலாம். ஆர்டுரோ ஷோம்பர்க் வேறு வழியில் பதில் சொன்னார்.

1874-இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்த கறுப்பினத்தவர் அவர். கறுப்பருக்குச் சரித்திரமும் இல்லை, வீரர்களும் இல்லை என்று பள்ளி ஆசிரியர் சொன்னது பிஞ்சு நெஞ்சில் தைத்ததாம். அன்று தொடங்கிய தேடல் ஆயுள் முழுதும் ஓயவில்லை. அவர் செல்வந்தரா? இல்லை! நியூயார்க்கில் ஒரு வங்கியின் தபால் பிரிவில் வேலை பார்த்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து நூல்களையும், கையெழுத்துப் பிரதிகளையும், படங்களையும் வாங்கிச் சேர்த்தார். 1926-இல் கார்னகி அறக்கட்டளை தந்த 10,000 டாலரைக் கொண்டு நியூயார்க் பொது நூலகம் அவற்றை வாங்கியது. நூல்கள் மட்டும் 5,000-க்கு மேல்!

அவற்றை எங்கே வைத்தார்கள்? கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில், 135-ஆம் தெருக் கிளை நூலகத்தில். 1921-லேயே கறுப்பினக் கலைஞர்களின் கண்காட்சியை நடத்திய நூலகம் அது.

அந்தப் பகுதிக்கு ஒரு போர்க்கதையும் உண்டு. முதல் உலகப் போரில் ஹார்லெம் இளைஞர்கள் பலர் 369-ஆவது காலாட்படையில் சேர்ந்தார்கள். சொந்த நாட்டு வெள்ளைப் படைகளோடு தோளோடு தோள் நின்று போரிட அவர்களுக்கு இடமில்லை. பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். 191 நாட்கள் போர்முனையில் நின்றார்கள். பிரான்ஸ் அந்தப் படைக்கே வீரப் பதக்கம் அளித்தது. 1919 பிப்ரவரி 17-இல் அவர்கள் ஹார்லெமுக்கு அணிவகுத்துத் திரும்பியபோது தெருவெல்லாம் மக்கள் வெள்ளம்!

அதே ஆண்டுக் கோடையில் நடந்தது என்ன? அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள். போரிலிருந்து திரும்பியவர்களும் தப்பவில்லை. சிந்தித்துப் பாருங்கள்! சிந்திய இரத்தத்தை நாடு மறக்க ஆறு மாதம் கூட ஆகவில்லை.

மறக்காமல் இருக்க வேண்டியவர்கள் யார்? அந்தத் தெருக்காரர்கள்தான். ஷோம்பர்க் 1938-இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அந்த நிலையம் 2025-இல் நூற்றாண்டு கண்டது. இன்று அங்கே 1 கோடியே 10 லட்சத்துக்கும் அதிகமான ஆவணங்கள் உள்ளன. அங்கே கண்காட்சிக்குப் போகும் ஹார்லெம் சிறுவன் தன் தெருவின் கதையையே கண்ணால் பார்க்கலாம். அவனிடம் போய் "உனக்குச் சரித்திரம் இல்லை" என்று யார் சொல்ல முடியும்?

வணிகப் பெருமக்களே, கணக்கில் எழுதாத வரவை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. இது உங்களுக்குத் தெரியும். சமுதாயத்தின் கணக்கும் அப்படித்தான். பாட்டனாரின் கடிதத்தையும் பழைய பேரேட்டையும் எடைக்குப் போடும் முன், இளைஞர்களே, ஒருமுறை பிரித்துப் படியுங்கள்!